களி உருண்டையும் காவிரியும்

இரை எங்கே என்று கேட்டேன். பரிசலின் நடுவில் இருந்த தூக்குவாளியின் மூடியைத் திறந்து காட்டினார் அண்ணன். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் மூன்று உருண்டைகள். ராகிக் களி.

"காலைச் சாப்பாடு இல்லீங்களா இது?"

"நமக்கு வேற இருக்கு சார். இது மீனுக்கு. நாம திங்கற களி இளக்கமா இருக்கணும். மீனுக்குக் கிண்டறது கெட்டியா இருக்கணும். தண்ணியில விழுந்தா கரையக் கூடாது பாருங்க."

ஓர் உருண்டையிலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி, ஒரு துளி பஞ்சைச் சேர்த்துப் பிசைந்து, தூண்டில் முள் மறையும்படி அப்பி என்னிடம் நீட்டினார். நாகமரைக்கு அருகே காவிரி அகன்று, மலைகளுக்கு நடுவே ஏரிபோல் கிடந்தது. தை மாதத்துக் குளிரில் தண்ணீரின் மேல் மெல்லிய ஆவி படர்ந்திருந்தது. நான் முதன்முதலாகக் களி இரை வைத்த தூண்டிலைக் கையில் வாங்கினேன்.

நான் காவிரியின் கடைமடைக்காரன். எங்கள் ஊரில் காவிரி முதலில் செய்தித்தாளில் வரும். பிறகுதான் வாய்க்காலில் வரும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கனஅடி, ஜூன் 12-ல் அணை திறப்பார்களா என்று அப்பா தினமும் சத்தமாகப் படிப்பார். அந்த எண்களைக் கேட்டே வளர்ந்தேன். காவிரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றும் காவிரியில் ஒரு மீனைப் பிடித்ததில்லை. எங்கள் எண்கள் புறப்பட்டு வரும் இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே இரண்டு நாள் தூண்டில் போடக் கற்க வேண்டும் என்ற ஆசைதான் என்னைத் தருமபுரிக்கு அழைத்து வந்தது.

தருமபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்த மாவட்டத்தின் கணக்கு புரிந்துவிடும். புளிய மரங்கள், துவரை, அறுவடை முடிந்த ராகிக் கொல்லைகள், இடையிடையே பாறை. நெல் வயல் அரிதாகவே கண்ணில் பட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவரிடம் எங்கள் ஊரைச் சொன்னதும் அவர் சிரித்தபடி, "காவேரி எங்க ஊரு வழியாத்தான் உங்க ஊருக்கு வருது. எங்க கொல்லைக்குத்தான் வரல," என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. நில அமைப்பைச் சொன்னார். ஆறு பள்ளத்தாக்கில் ஓடுகிறது. ஊரும் கொல்லையும் மேட்டில் இருக்கின்றன. மேட்டு நிலத்து மக்கள் மழையையும் கிணற்றையும் நம்பினார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலோ ஃபுளோரைடு அதிகம். அது பல்லைக் கறையாக்கும், எலும்பை முடக்கும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் காவிரி குழாய் வழியாக மேடேறி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வீடுகளுக்குக் குடிநீராக வந்தது.

பென்னாகரத்தைத் தாண்டினால் சாலை காட்டுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து இறங்குகிறது. யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் வந்தபடி இருக்கும். கடைசி வளைவில் காற்றே மாறிவிட்டது. அதில் ஈரமும் மீன் வறுக்கும் மிளகாய் நெடியும் கலந்து வந்தன. புகையும் கல் என்ற பொருளில் கன்னடத்தில் வைத்த பெயர்தான் ஒகேனக்கல். அருவி விழும் இடத்தில் எழும் நீர்த்திவலை தூரத்திலிருந்து பார்க்கப் புகை போலத்தான் தெரிகிறது. எதிர்க்கரை கர்நாடகம். ஆற்றின் நடுவே எல்லைக்கோட்டை யாராலும் காட்ட முடியாது.

ஒகேனக்கலில் மீன் ஒரு பெரிய குடிசைத் தொழில். கடைகளில் கட்லா, ரோகு, மிர்கால், கெளுத்தி, வாளை, ஆரால், அரஞ்சான், ஜிலேபி என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். பிடித்த மீனை வாங்கி, அங்கே இருக்கும் சமையல் பெண்களிடம் கொடுத்தால் மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலும் செய்து கொடுப்பார்கள். ஆற்றில் குளித்துவிட்டு வருவதற்குள் சோறும் தயாராகிவிடும். ஒரு அம்மா எனக்கு அரஞ்சானை வறுத்துக் கொடுத்தபடி, சுற்றுலா வருபவர்கள் கேட்பது முள் குறைந்த மீனை, ஆற்றோரத்துக்காரர்கள் தேடுவது முள்ளுள்ள சின்ன மீனை என்று விளக்கினார். ருசி முள்ளுக்குள் இருக்கிறதாம். தின்றபோது அவர் சொன்னது சரியென்றே பட்டது.

பரிசல் துறையில் உயிர்காப்பு உடையை மாட்டிவிட்ட பரிசல்காரரிடம், இங்கே தூண்டில் போடலாமா என்று கேட்டேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் சார். இங்க பாறை வழுக்கும், சுழல் இருக்கு. காட்டுப் பக்கம் முதலையும் இருக்கு. பாரஸ்ட்காரங்க அனுமதிக்க மாட்டாங்க. உங்களுக்கு முதல் தடவைங்கறீங்க. நாகமரையில எங்க மாமன் மகன் இருக்கான். லைசென்ஸ் வெச்சு வலை போடறவன். காலையில அங்க போங்க, அவன் சொல்லித் தருவான்."

அவர் சொன்னதற்குப் பின்னால் வலுவான காரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686.406 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயமாக அறிவித்தது. யானையோடும் சிறுத்தையோடும் நீர்நாய், முதலை, மென்தோல் ஆமை ஆகிய ஆற்று உயிர்களும் அந்தக் காட்டின் குடிகள். அங்கே தூண்டிலோடு போவது, அடுத்தவர் வீட்டு அடுக்களையில் கை வைப்பதற்குச் சமம். புதிதாகத் தூண்டில் பிடிக்க விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கே போடக் கூடாது என்பதைத்தான். எனக்கு அது முதல் நாளே கிடைத்தது.

மறுநாள் இருட்டோடு கிளம்பி, ஏரியூர் வழியாக நாகமரை போய்ச் சேர்ந்தேன். கரையில் அண்ணன் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, வெளிப்புறம் பிளாஸ்டிக் சாக்கு போர்த்தித் தார் பூசிய பரிசல் தலைகீழாகக் கிடந்தது. அவருடைய தாத்தா காலத்தில் போர்வைக்கு மாட்டுத் தோல் இருந்ததாம். பரிசலைத் தலைமேல் கவிழ்த்து, குடை பிடிப்பதுபோல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தார்.

இந்த இடத்தில் காவிரி மேட்டூர் அணையின் தேங்கு நீராகிவிடுகிறது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை, முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இந்த எண்கள் எனக்கு மனப்பாடம். தெரியாதது ஒன்று இருந்தது. அண்ணன் துடுப்பால் எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம் காட்டினார்.

"அங்கதான் சார் பழைய கோயிலு. ஜலகண்டேஸ்வரர். தண்ணி இறங்கினா நந்தி தெரியும். அதுக்கும் முன்னால சர்ச் கோபுரம் தலைகாட்டும். இப்ப ரெண்டும் உள்ள இருக்கு."

அணை கட்டியபோது இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எழுந்து மேட்டுக்குப் போயின. கோயில்களும் வீட்டுச் சுவர்களும் அப்படியே நின்றன. எங்கள் வயலுக்குப் போன ஒவ்வொரு மடைத் தண்ணீரும் இந்தச் சுவர்களின் மேல் நின்ற தண்ணீர்தான். செய்தித்தாளில் நீர்மட்டம் குறைந்தால் எங்கள் வீட்டில் கவலை. இங்கே அதே நாளில் யாரோ ஒரு பாட்டி கரையில் நின்று, தான் கேட்டறிந்த ஊரின் கோபுரம் வெளியே வருவதைப் பார்த்துக் கும்பிடுவாள். ஒரே எண்ணுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பொருள்.

பாடம் கரையோரத்தில் தொடங்கியது. மூங்கில் கழி, அதன் நீளத்துக்கு நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சிறிய ஈயக்குண்டு, முள். முள்ளில் மண்புழு. என் நிழல் தண்ணீரில் விழாதபடி என்னைப் பின்னால் தள்ளி நிறுத்தினார். காலைத் தொம்மென்று வைக்காதீர்கள் என்றார். மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் கோடு, தண்ணீரின் சிறு அதிர்வையும் உணரும். கரையில் நடப்பவன் கால் ஓசை அதற்கு முன்கூட்டியே வந்த சேதி. எந்த இடத்தில் போடுவது என்பதற்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார்.

"காத்து எந்தக் கரையில மோதுதோ அங்க போடணும். பூச்சி, தூசி, தழை எல்லாம் அங்கதான் ஒதுங்கும். தீனி இருக்கற இடத்துக்கு மீன் வரும்."

ஓடும் ஆறானால் கணக்கு வேறு. மீன் நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து நிற்கும். வேகத்தில் நின்றால் களைத்துவிடும் என்பதால் பாறைக்குப் பின்னால் இருக்கும் அமைதியான மடுவில் நின்று, பக்கத்தில் ஓடும் வேக நீர் அடித்து வரும் இரையைப் பிடிக்கும். வேகமும் அமைதியும் உரசும் கோட்டைக் கண்டுபிடித்தால் மீனைக் கண்டுபிடித்த மாதிரி. அதன்பின் ஆழம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்காலும் கெளுத்தியும் அடியில். தக்கையை நரம்பில் ஏற்றி இறக்கினால் இரை நிற்கும் ஆழம் மாறும். எந்த மீன் வேண்டுமோ அந்த மாடிக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும்.

தக்கை துடித்தது. இழுத்தேன். வெறும் முள். மறுபடி துடித்தது, மறுபடி இழுத்தேன், மறுபடி வெறும் முள். நான்காவது முறை அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது குஞ்சு கொத்துது சார். கொத்தறப்ப இழுத்தா வாயில முள்ளு ஏறாது. தக்கை முழுகி ஓடும் பாருங்க, அப்ப மெல்ல ஒரு சொடுக்கு. அவ்வளவுதான்."

காத்திருந்தேன். தக்கை நடுங்கியது, நின்றது, சாய்ந்தது, பிறகு ஏதோ முடிவெடுத்ததுபோல் நீருக்குள் நழுவியது. சொடுக்கினேன். கழியின் நுனி வளைந்தது. கையளவு மீன் ஒன்று வெயிலில் பளபளத்து வந்தது. ஜிலேபி. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று நம் ஏரி, குளம், அணை எல்லாவற்றிலும் தங்கிவிட்டது. என் முதல் காவிரி மீன், காவிரிக்குச் சொந்தமில்லாத மீன். யோசித்தால் கட்லாவும் ரோகுவும் மிர்காலும்கூட வடநாட்டு ஆறுகளிலிருந்து வந்து நம் நீர்த்தேக்கங்களில் விடப்பட்டவைதான். அப்படியானால் இந்த ஆற்றின் சொந்த மீன் எது?

அந்தக் கேள்வியோடுதான் பரிசலில் ஏறி ஆழத்துக்குப் போனோம். அங்கேதான் அண்ணன் அந்தத் தூக்குவாளியைத் திறந்தார்.

"எங்கப்பா களி போட்டுப் பிடிச்சது ஆனைக்கெண்டை. ரெண்டு ஆளு சேர்ந்து தூக்குவாங்களாம். நான் சின்னப் பையனா இருக்கறப்ப ஒண்ணு பார்த்தேன். செதில் ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை அகலம். இப்ப இல்ல சார்."

ஆனைக்கெண்டையை உலகம் மஷீர் என்று அறியும். காவிரியில் வாழும் திமிலுள்ள மஷீர் வேறெந்த ஆற்றுப் படுகைக்கும் உரியதல்ல. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் கலை பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு, இந்த மீனைத் தேடிக் கடல்கடந்து வந்தவர்கள் உண்டு. 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள ஒரு மஷீர் தூண்டிலில் பிடிபட்டது. பின்னாளில் கர்நாடகக் கரையில் பீமேஷ்வரி, காலிபோர் ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. அங்கும் வழிகாட்டிகள் முள்ளில் வைத்தது ராகிக் களி உருண்டைதான். பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்ப ஆற்றில் விட்டார்கள்.

உலகறிந்த இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் என்னவென்று உறுதியானது 2018-ல்தான்: டார் ரெமாதேவி. அதே ஆண்டு அது மிகவும் அழியும் நிலையில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்ந்தது. காரணங்கள் பல. அணைகள் அது முட்டையிட மேலேறும் வழியை அடைத்தன. மணல் அள்ளியதில் முட்டைக்கான இடம் போனது. நல்ல எண்ணத்தோடு வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறோர் இன மஷீர் பெருகி, இதன் இடத்தைப் பிடித்தது. தோட்டா போட்டு ஒரு மடுவையே கொல்லும் வழக்கமும் ஒன்று. 1897-ன் இந்திய மீன்வளச் சட்டமே வெடியையும் விஷத்தையும் தடை செய்துவிட்டது, ஆனாலும் அது முற்றாக ஒழியவில்லை. அண்ணனுக்குத் தோட்டா என்றாலே முகம் சிவக்கிறது. "தூண்டில்ல ஒரு மீனு போகும். வலையில ஒரு கூடை போகும். தோட்டாவுல வர்ற வருசத்து மீனும் போயிரும்," என்றார்.

பரிசலில் கழி கிடையாது, கைநரம்புதான். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய நரம்பை அவிழ்த்து, ஈயக்குண்டும் களி உருண்டையும் சேர்த்து இறக்கினேன். நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தளர்ந்தது. அடி தொட்டுவிட்டது. நரம்பை மெல்ல இழுத்து விறைப்பாக்கி, ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"இனிமே கண்ணு வேண்டாம் சார். விரலு பார்க்கும்."

பேச்சை நிறுத்தினோம். அப்போதுதான் விரல் பேசத் தொடங்கியது. முதலில் எல்லாம் ஒரே நடுக்கமாக இருந்தது. கால் மணி நேரத்தில் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. பரிசல் அசைந்தால் நீண்ட மெதுவான இழுப்பு. ஈயம் சேற்றில் இருந்தால் மழுங்கல், கல்லில் உரசினால் சன்னமான நறநறப்பு. சிறு மீன் கொத்தினால் எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக்கு. அடியில் எங்கோ ஒரு நீரோட்டம் இன்னும் இருந்தது. ஏரிபோல் அசைவற்றுக் கிடந்த நீருக்குள், பழைய காவிரி தன் பழைய தடத்தில் மெல்ல நகர்வதை நரம்பின் சாய்வு சொன்னது. அணை கட்டித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் ஆறு தன் வழியை மறக்கவில்லை.

என் மனம் நெகிழ்ந்துவிட்டது. எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, எங்கள் ஊர் டீக்கடையில் அந்த எண்ணை எத்தனை முறை கூட்டிக் கழித்துப் பார்த்திருப்போம்! ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. அந்தக் கணக்கு தேவை. அது எங்கள் சோறு. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த நூறு கோடி கனஅடிக்குள் கல் உண்டு, சேறு உண்டு, குஞ்சு மீனின் பசி உண்டு என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தண்ணீரைக் கேட்கத் தெரிந்த எனக்கு ஆற்றைக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

நரம்பு ஒருமுறை இழுபட்டது. விரலில் இருந்து நழுவி ஓடியது. "விடுங்க, விடுங்க, ஓடட்டும். இப்ப பிடிங்க!" பிடித்தேன். மறுமுனையில் உயிர் ஒன்று கனத்தது. இழுத்தால் இழுத்தது, விட்டால் ஓடியது. மேலே வந்தபோது அது ஒரு கெளுத்தி. ஆசையோடு கையை நீட்டினேன், அண்ணன் தட்டிவிட்டார். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் இருக்கும் முள் குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும். துணியைச் சுற்றிப் பிடித்துக் கழற்றினார்.

அடுத்து வந்தது விரல் நீளக் கெண்டைக் குஞ்சு. எப்படி அந்தப் பெரிய களியை வாயில் வைத்தது என்று தெரியவில்லை. கையை முதலில் தண்ணீரில் நனைக்கச் சொன்னார். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் உடல் மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்து, பிறகு நோய் பிடித்துச் சாகும். நனைந்த உள்ளங்கையில் அதை வைத்து, நீருக்குள் தாழ்த்தினேன். ஓரிரு நொடி அங்கேயே நின்றது. செவுள் திறந்து மூடியது. பிறகு இல்லை.

வெயில் ஏறியதும் மீன் கீழே போய்விட்டது. மூன்று மணி நேரத்தில் எங்கள் கூடையில் நான்கு ஜிலேபி, ஒரு கெளுத்தி. அண்ணன் முந்தின இரவு போட்டிருந்த வலையை எடுத்தார். அவருடைய அன்றைய வருமானம் அதில்தான் இருந்தது. எனக்கு விளையாட்டாக இருந்த காலை அவருக்கு வேலை நாள் என்பதை மறக்கக் கூடாது என்று, உதவிக்கு வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வழியில் வருகிற யாரும் இதைச் செய்யலாம்: உரிமமுள்ள மீனவரைக் கேட்டு அவரோடு போவது, உயிர்காப்பு உடையைக் கழற்றாமல் இருப்பது, அறுந்த நரம்புத் துண்டைக்கூட ஆற்றில் விடாமல் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவருவது, அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுப்பது.

அவர் வீட்டுத் திண்ணையில் அக்கா களி பரிமாறினார். இளக்கமான களி, நடுவில் குழி, குழியில் கெளுத்திக் குழம்பு. நெல்லுச்சோற்றுக்காரனுக்குக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது தெரியாது. கற்றுக்கொடுத்தார்கள். காவிரி ஏறி வராத மேட்டுக் கொல்லையில், வானத்தை மட்டும் நம்பி விளைந்த ராகி அது. அதே ராகியைத்தான் காலையில் ஆற்றுக்குள் இறக்கினோம். தன் ஆறு தண்ணீர் தராத நிலத்தின் தானியத்தைத்தான் ஆனைக்கெண்டை இத்தனை தலைமுறை ருசித்திருக்கிறது.

கிளம்பும் முன் பரிசலைக் கழுவ அண்ணனோடு கரைக்குப் போனேன். தூக்குவாளியில் மீதம் ஒரு களி உருண்டை இருந்தது. அவர் அதைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, காலையில் நாங்கள் இருந்த திசையில் வீசினார்.

"நாளைக்கும் அங்கதான வலை போடணும். தின்னு பழகட்டும்," என்றார். கடைசித் துண்டை என்னிடம் கொடுத்தார். என்னால் முடிந்த தூரத்துக்கு எறிந்தேன்.

மறுநாள் ஊர் திரும்பும் பேருந்தில் செய்தித்தாள் வாங்கினேன். வழக்கமான இடத்தில் வழக்கமான வரி: மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு. எண்ணைப் படிக்கும்போது வலது ஆள்காட்டி விரலில் நரம்பு பதிந்த கோடு சிவந்து தெரிந்தது. நீர்மட்டம் முந்தைய நாளைவிடச் சற்றே இறங்கியிருந்தது. நந்தியின் தலைக்கு மேல் இன்னும் எத்தனை அடி இருக்கும் என்று கணக்குப் போட்டபடியே வந்தேன்.